திருப்பிப் பார்ப்பதற்கு முன்னால்

போன வருடம் சித்திரையில் என் தங்கை ஒரு நோட்டைக் கொண்டு வந்து என் முன்னால் போட்டாள். இடப்பக்கம் ஜெர்மன் வார்த்தை, வலப்பக்கம் தமிழ் அர்த்தம், மூன்று கலர் பேனாவில். 600 வார்த்தைக்குக் குறையாது. அவள் நர்ஸ். ஜெர்மனிக்கு வேலைக்குப் போக ஜெர்மன் மொழித் தேர்வில் பி2 நிலை வரை தேற வேண்டும். அதற்கு இரண்டு படி கீழே இருக்கும் ஏ2 மாதிரித் தேர்விலேயே கோட்டை விட்டுவிட்டாள்.

"எல்லாம் தெரியும்க்கா. தெனமும் ரெண்டு தடவ வாசிக்கேன். பரீட்சையில மட்டும் வரமாட்டேங்கு."

நோட்டின் ஜெர்மன் பக்கத்தை உள்ளங்கையால் மறைத்தேன். "ஸ்பூனுக்கு என்ன, சொல்லுட்டி."

மேலே பார்த்தாள், ஃபேனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வரவில்லை. கையை எடுத்தேன். "அட, லோஃபெல்! இது தெரியுமே!"

நான் பாளையங்கோட்டையில் 19 வருடமாக பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். மாடியில் ஒரு தகரக் கொட்டகை, ஒரு கரும்பலகை, இந்த வருடம் 11 பேர். அந்த "தெரியுமே"யை தினமும் கேட்கிறேன். விடைத்தாளைக் கையில் கொடுத்ததும் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். முதல் பத்து வருடம் நானும், "இன்னும் ரெண்டு தடவை வாசி, மனசுல நிக்கும்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். எம்.எட். படிக்கையில் ஒரு பேப்பருக்காக நினைவாற்றல் பற்றிய ஆராய்ச்சிகளைப் புரட்ட வேண்டி வந்தது. அதில் கிடைத்ததை வைத்து என் கொட்டகையிலும் தங்கையிடமும் செய்து பார்த்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். மொழி படிப்பவர்களுக்கும் உதவும், அறிவியல் படிப்பவர்களுக்கும் உதவும். இரண்டுக்கும் ஒரே மருந்து இல்லை, அதையும் சொல்கிறேன்.

மூடிவிட்டுக் கேளுங்கள்

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கார்பிக்கி, ரோடிகர் என்ற இருவர் செய்த சோதனை 2008-இல் வெளியானது. மாணவர்களுக்கு 40 ஸ்வாஹிலி வார்த்தைகள். மஷூவா என்றால் படகு, இந்த மாதிரி. ஒரு வார்த்தையை ஒரு தடவை சரியாகச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. சிலர் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள், ஆனால் அந்த வார்த்தையில் அவர்களைச் சோதிக்கவில்லை. சிலர் வாசிப்பதை விட்டுவிட்டார்கள், ஆனால் சோதனை மட்டும் தொடர்ந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டால், சோதனை தொடர்ந்தவர்களுக்கு 80 சதவீதம் நினைவிருந்தது. வாசிப்பு மட்டும் தொடர்ந்தவர்களுக்கு 36 சதவீதம்தான்.

எனக்கு உறைத்தது இந்த எண்கள்கூட இல்லை. உங்களுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது எல்லாக் குழுவும் ஏறக்குறைய பாதி என்றே சொன்னது. அதாவது, நன்றாகப் படித்தவனுக்கும் தெரியவில்லை, வீணாகப் படித்தவனுக்கும் தெரியவில்லை. நம் மனசு சொல்லும் "தெரியுமே"க்கு மதிப்பு அவ்வளவுதான்.

ஆகவே முதல் வேலை, நோட்டை மூடுவது. பாடம் படிப்பவர்கள் ஒரு பகுதியை வாசித்ததும் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு வெற்றுத்தாளில் ஞாபகம் இருப்பதையெல்லாம் எழுதுங்கள். வரிசை வேண்டாம், அழகு வேண்டாம். நின்றுபோனால் உடனே புத்தகத்தைத் திருப்பாதீர்கள். ஒரு நிமிடம் திணறுங்கள். அதற்கப்புறம் திறந்து, விட்டதை வேறு மையில் எழுதுங்கள். என் பிள்ளைகளுக்கு இது ஆரம்பத்தில் சுத்தமாகப் பிடிக்கவில்லை. "கஷ்டமா இருக்கு மிஸ்" என்றார்கள். கஷ்டம்தான்.

செருப்புப் பெட்டி

வார்த்தைகளுக்கு ஒரு பெட்டி வேண்டும். செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் பத்திரிகையாளர் 1972-இல் எழுதிப் பிரபலமாக்கிய முறை. போனில் ஆங்கி என்ற செயலியும் கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்யும். ஆனால் தங்கை போனைக் கையில் எடுத்தால் பத்து நிமிடத்தில் புடவைக் கடை வீடியோவில் இருப்பாள். அதனால் செருப்புப் பெட்டி.

உள்ளே நான்கு தடுப்பு அட்டை வைத்து ஐந்து அறையாகப் பிரியுங்கள். கார்டுகளுக்குக் கடைக்குப் போக வேண்டாம். தை முடிந்தால் வீட்டில் கல்யாணப் பத்திரிகைக்குப் பஞ்சமில்லை. பின்பக்கம் வெறுமையாக இருக்கிற கெட்டி அட்டைகளாகப் பார்த்துச் சீட்டுக்கட்டு அளவுக்கு வெட்டி, இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டோம். பிள்ளையார் படம் இருக்கும் மேல்பாகத்தை வெட்ட மனசு வரவில்லை, அது தனியாகச் சேர்ந்து கிடக்கிறது.

ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஜெர்மன். தமிழைப் பார்த்து ஜெர்மனைச் சொல்ல வேண்டும். எதிர்த்திசை சுலபம், அது உங்களை ஏமாற்றும். ஜெர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஆண், பெண், நடு என்று ஒரு பால் உண்டு; அதில் அறிவை நுழைக்க முடியாது. ஸ்பூன் ஆண், டெர் லோஃபெல். முள்கரண்டி பெண், டீ காபெல். கத்தி இரண்டும் இல்லை, டாஸ் மெஸர். ஒரே தட்டுக்குப் பக்கத்தில் மூன்றும் கிடக்கும்! வார்த்தையை மட்டும் எழுதி, டெர்-டீ-டாஸைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தப் பிறகு வராது. டெர் வார்த்தைகளை நீலத்தில், டீ சிவப்பில், டாஸ் பச்சையில் எழுதுங்கள். அவளுடைய மூன்று கலர் பேனாவுக்கும் ஒருவழியாக வேலை கிடைத்தது. வினைச்சொல்லை ஒற்றையாக எழுதாமல் ஒரு வாக்கியமாக எழுதுங்கள், அதுவும் உங்கள் வேலையில் வரும் வாக்கியமாக. அவளுடைய முதல் வாக்கியக் கார்டு, "எங்கே வலிக்கிறது?" வோ டூட் எஸ் வே.

புது கார்டு எல்லாம் முதல் அறையில். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்குப் போகும். தப்பானால், ஐந்தாம் அறையில் இருந்தாலும் சரி, முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையை தினமும் எடுங்கள். இரண்டாவதை மூன்று நாளைக்கு ஒரு தடவை. மூன்றாவது ஞாயிறுதோறும். நான்காவதை அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும், ஐந்தாவதை அமாவாசைக்கு மட்டும். தினசரி காலண்டரைக் கிழிக்கும்போதே தெரிந்துவிடும், தனியாக எதுவும் குறித்து வைக்க வேண்டாம்.

இதில் எல்லாரும் சறுக்கும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். வாய் திறந்து சொல்லிய பிறகுதான் கார்டைத் திருப்ப வேண்டும். மனசுக்குள் "ம், தெரியும்" என்று திருப்பினால் அது நோட்டு வாசித்த கணக்குதான். எதுவுமே வராவிட்டாலும் ஏதாவது ஒன்றை ஊகித்துச் சொல்லிவிட்டுத் திருப்புங்கள். டெர் என்பதற்கு டீ என்றால் தப்புதான், பாதி மார்க் கிடையாது. என் தங்கை தனக்குத்தானே தாராளமாகக் கருணை காட்டுவாள் என்பதால் முதல் ஒரு மாதம் கார்டை நான்தான் பிடித்தேன். அப்புறம், ஒரு நாளைக்கு எட்டுப் புது கார்டுக்கு மேல் வேண்டாம். முதல் நாள் ஆர்வத்தில் 40 எழுதினாள். பத்தாம் நாள் முதல் அறை மூடமாட்டேன் என்றது. இரவு டியூட்டி முடித்து வந்தவள் பெட்டியைப் பார்த்ததுமே படுக்கப் போய்விட்டாள்.

இடைவெளி ஏன்

1885-இல் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமே இல்லாத அசைகளை ஆயிரக்கணக்கில் தானே உருப்போட்டு, தானே மறந்து, கணக்கெடுத்தார். ஒரு நாள் கழித்து அதையே திரும்பப் படித்தபோது, முன்பு போட்ட உழைப்பில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சமானது. அவ்வளவு வேகமாகக் கரைகிறது. ஆனால் கரைய ஆரம்பித்த பிறகு பிடித்தால்தான் பிடி இறுகுகிறது என்பதைப் பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். எனக்குப் பிடித்தது பாரிக் குடும்பம். அப்பா உளவியலாளர், அவர், மனைவி, இரண்டு மகள்கள் என்று நால்வரும் ஆளுக்கு 300 அந்நிய மொழி வார்த்தைகளை எடுத்துக்கொண்டு வருடக்கணக்கில் தங்களையே சோதித்தார்கள். 1993-இல் முடிவு வந்தது. 56 நாளைக்கு ஒரு தடவை என்று 13 முறை படித்த வார்த்தைகள், 14 நாளைக்கு ஒரு தடவை என்று 26 முறை படித்தவற்றுக்குச் சமமாக, வருடங்கள் கழித்தும் நின்றன. பாதி உழைப்பு, அதே பலன். நான்கு பேர் சோதனை என்று தள்ளிவிட வேண்டாம். 2008-இல் செபேடாவும் கூட்டாளிகளும் 1,350 பேருக்கு மேல் வைத்துப் பார்த்ததும் இந்தத் திசையில்தான் போனது. அதன்படி, பரீட்சை ஒரு வாரத்தில் என்றால் இரண்டு நாள் இடைவெளி போதும். ஒரு வருடம் நினைவிருக்க வேண்டும் என்றால் மூன்று நான்கு வாரம் விட்டுத் திரும்பப் பாருங்கள்.

பத்துநாள் லீவில் மொத்தமாக உட்கார்ந்து முடித்துவிடுகிறேன் என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. லீவு முடிந்து ஒரு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

காது

கார்டில் உச்சரிப்பைத் தமிழில் எழுதாதீர்கள். நான் இங்கே எழுதியிருக்கிறேனே என்றால், எனக்கு வேறு வழியில்லை. நீங்கள் செய்ய வேண்டாம். "காபெல்" என்று நான் எழுதியதை நீங்கள் எப்படி வாசித்தீர்கள்? காகத்தின் கா-வா, காந்தியின் கா-வா? ஜெர்மனில் காந்தியின் கா. ரொட்டி சுடுவதற்கு ஒரு வார்த்தை, மூட்டை கட்டுவதற்கு ஒரு வார்த்தை. தமிழில் எழுதினால் இரண்டும் "பாக்கென்". "ஏற்கனவே", "அழகான" இரண்டும் "ஷோன்". ஆனால் அழகில் வரும் ஒலி வேறு: ஏ என்று சொல்லிக்கொண்டே உதட்டை மட்டும் ஓ-வுக்குக் குவித்தால் அது வரும். கண்ணாடி முன் நின்று செய்யுங்கள், வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

காது ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறது? நமக்குப் பட்டுக்கும் பத்துக்கும் உள்ள வித்தியாசம் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ஆங்கிலமே பேசும் வீட்டில் வளர்ந்தவர்களில் பலருக்கு அது கேட்காது. வான்கூவரில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியின் இந்த ட-த வேறுபாட்டை ஆங்கில வீட்டுக் குழந்தைகளுக்குக் கேட்க வைத்தார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு வித்தியாசம் தெரிந்தது. பத்துப் பன்னிரண்டு மாதத்துக்குள் அது போய்விட்டது. வீட்டில் கேட்காத ஒலியைக் குழந்தையின் காது ஒரு வயதுக்குள்ளேயே ஒதுக்கிவிடுகிறது.

பெரியவர்கள் திரும்பப் பழக முடியும், ஆனால் ஒரே குரலை வைத்து இல்லை. ஜப்பானியர்களுக்கு ஆங்கிலத்தின் ர-ல வேறுபாட்டைப் பழக்கிய சோதனைகளில், இண்டியானா பல்கலைக்கழகத்தினர் கண்டது இது: ஒருவர் குரலில் மட்டும் பழகியவர்களுக்குப் புதிய குரலில் கேட்டால் கை கொடுக்கவில்லை. பல குரல்களில் பழகியவர்களுக்குக் கொடுத்தது. அதனால் வகுப்பு ஆசிரியரின் குரலோடு நிற்காமல் ஆண், பெண், கிழவர், குழந்தை என்று ஐந்தாறு பேர் அதே வார்த்தையைச் சொல்வதைக் கேளுங்கள். கேட்டதும் இரண்டில் எது என்று முதலில் ஊகியுங்கள், பிறகு விடையைப் பாருங்கள். இங்கேயும் அதே சட்டம்தான்.

கோலிக்குண்டு

இந்தப் பெட்டியை அப்படியே இயற்பியலுக்குத் தூக்கி வந்து நான் அடி வாங்கினேன். நியூட்டனின் விதிகள், வரையறைகள், அலகுகள் எல்லாம் கார்டில் போட்டோம். பிள்ளைகள் பிளந்து கட்டினார்கள். ஒரு நாள் சும்மா, ஒரு ரூபாய் நாணயத்தை மேலே சுண்டினேன். "மேலே போய்க்கிட்டிருக்கு. கையை விட்டாச்சு. இப்ப அது மேல என்னென்ன விசை இருக்கு? காற்றை விட்டுடுங்க." 11 பேரில் எட்டுப் பேர் கீழ்நோக்கி ஒரு அம்புக்குறியும் மேல்நோக்கி ஒரு அம்புக்குறியும் போட்டார்கள். "மேலே போகுதுல்ல மிஸ், அப்ப மேல தள்ளுறது ஒண்ணு இருக்கணும்ல?" வெளிவிசை இல்லாவிட்டால் நகர்கிற பொருள் அதே வேகத்தில் நேர்கோட்டில் போய்க்கொண்டே இருக்கும் என்ற முதல் விதியைக் காற்புள்ளி மாறாமல் ஒப்பித்த அதே பிள்ளைகள். இருக்கிற விசை ஒன்றே ஒன்று, ஈர்ப்பு, கீழ்நோக்கி.

என் பிள்ளைகள் மட்டும் இல்லை. ஜான் கிளமென்ட் 1982-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் மாணவர்களிடம் இதே நாணயக் கேள்வியைக் கேட்டார். பெரும்பாலானோர் அதே மேல்நோக்கிய அம்பைப் போட்டார்கள். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் இப்படிப்பட்ட கேள்வித்தாள் ஒன்றைக் கொடுத்தபோது ஒரு மாணவி கேட்டாராம், நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா என்று.

ஜெர்மன் வார்த்தை வருவதற்கு முன்னால் அந்த இடம் காலி. இயற்பியல் வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் ஏற்கனவே ஒருவர் குடியிருக்கிறார், சைக்கிள் மிதித்தும் வண்டி தள்ளியும் பதினைந்து வருடமாகச் சேர்த்த அனுபவம். தள்ளினால் போகும், விட்டால் நிற்கும். அதை வெளியே வரவழைக்காமல் மேலே புதிய விதியை எழுதினால் இரண்டும் அக்கம்பக்கத்தில் சண்டையில்லாமல் இருக்கும். பரீட்சைக்கு ஒன்று, வாழ்க்கைக்கு ஒன்று.

நான் செய்வது இது. ஓர் அங்குல ஹோஸ் பைப்பில் மூன்று அடி வெட்டி, தரையில் பாதி வட்டமாக வளைத்து இரண்டு செங்கல்லுக்கு நடுவே நிறுத்துகிறேன். ஒரு முனையை மட்டும் ஒரு சாண் தூக்கி வைக்கிறேன். மறுமுனைக்கு வெளியே சிமெண்டுத் தரையில் கோலமாவை மெல்லிசாகத் தூவுகிறேன். கோலிக்குண்டை மேல்முனையில் போட்டால், வெளியே வந்து எந்தப் பாதையில் போகும்? போடுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் தன் தாளில் பாதையை வரைந்து பெயர் எழுத வேண்டும். பென்சில் கூடாது, பேனா. பிறகு பக்கத்தில் இருப்பவனோடு மூன்று நிமிடம் சண்டை போட வேண்டும், நீ ஏன் அப்படி வரைந்தாய் என்று. மசூர் தன் வகுப்பில் செய்வதும் இந்தச் சண்டையைத்தான். வளைவில் வந்த குண்டு வெளியே வந்தும் கொஞ்ச தூரம் வளைந்து போகும் என்று வரைந்தவர்கள் ஏழு பேர். 1980-இல் மெக்லாஸ்கியும் நண்பர்களும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மாணவர்களிடம் இதே வளைந்த குழாயைப் படமாகக் காட்டிக் கேட்டபோதும் பலர் வளைத்துத்தான் வரைந்தார்கள்.

குண்டு மாவில் கீறிக்கொண்டு நேர்கோடாகப் போனது. யாரும் பேசவில்லை. ஒருவன், "பைப்பு சரியா வளையல மிஸ்" என்றான். வளைத்துப் போட்டுக் காட்டினேன். நான்கு தடவை.

ஊகம் எழுதாமல் நேரடியாகச் செய்து காட்டினால் என்ன? அதையும் ஹார்வர்டில் பார்த்துவிட்டார்கள். 2004-இல் வந்த ஆய்வு அது. செய்முறையைச் சும்மா உட்கார்ந்து பார்த்த மாணவர்களுக்கும், பார்க்கவே பார்க்காதவர்களுக்கும் புரிதலில் பெரிய வித்தியாசம் இல்லை. முன்கூட்டி ஊகம் சொன்னவர்களுக்குப் பலன் கூடியது. பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் செய்ய, நாற்பது பேர் எக்கிப் பார்த்த நாட்களை நினைத்துக்கொண்டேன். வீட்டில் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பவர்கள் பைப் எல்லாம் தேட வேண்டாம். எதைச் செய்து காட்டினாலும், "என்ன ஆகும்?" என்று கேட்டு எழுதி வாங்காமல் தொடங்காதீர்கள்.

கணக்கைக் கலந்து போடுங்கள்

கைடுகளில் கணக்குகள் பாடவாரியாக இருக்கும். உராய்வுப் பாடத்தில் 20 உராய்வுக் கணக்கு. மூன்றாவது கணக்கிலேயே பிள்ளை யோசிப்பதை நிறுத்திவிடுகிறான். எந்தச் சூத்திரம் என்று தலைப்பே சொல்லிவிட்டது, எண்ணை மாற்றிப் போட்டால் போதும். பரீட்சையில் தலைப்பு இருக்காது. தெற்கு ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் ரோரர், டெய்லர் 2007-இல் இதைக் கனஅளவுக் கணக்குகளில் சோதித்தார்கள். வகைவகையாகப் பயிற்சி செய்தவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் எடுத்தார்கள், கலந்து செய்தவர்கள் 60. ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தால் முதல் கூட்டம் 20, இரண்டாவது 63.

இந்த 60-ஐப் பார்த்துத்தான் பெற்றோர் பயப்படுகிறார்கள். ஒரு அம்மா மாடியேறி வந்தார். "டீச்சர், முன்ன போன இடத்துல வாரா வாரம் தொண்ணூறுக்குக் கொறையாம எடுத்தான். இங்க அம்பது, அம்பத்தஞ்சுங்கான்." அரையாண்டு வரை பொறுங்கள் என்றேன். பொறுத்தார், முழு மனசோடு என்று சொல்ல முடியாது.

கலப்பதற்கு நான் செய்வது, பழைய கைடின் கணக்குகளைத் தனித்தனியாக வெட்டி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டிருக்கிறேன். குலுக்கி ஐந்து எடுக்க வேண்டும். விடை காண்பதற்கு முன், "இது எந்த வகை, ஏன்?" என்று ஒரு வரி எழுத வேண்டும். பாதி நாள் அந்த ஒரு வரியோடு நிறுத்திவிடுவேன், கணக்கைப் போடச் சொல்வதே இல்லை. ஆனால் பாடம் புத்தம் புதிது என்றால் முதல் நாளே டப்பாவை நீட்டாதீர்கள். முதலில் தீர்த்து வைத்த கணக்கு இரண்டு மூன்றை வரிவரியாக, இந்த வரி எங்கிருந்து வந்தது என்று கேட்டுக் கேட்டுப் படிக்க விடுங்கள். ஆஸ்திரேலியாவில் ஸ்வெல்லரும் கூப்பரும் 1985-இல் இயற்கணிதத்தில் காட்டியது அது. ஒன்றுமே தெரியாதவனைத் திணற விட்டால் திணறல் மட்டும்தான் மிஞ்சும்.

இந்தப் பிள்ளை கண்ணால் படிப்பவன், அந்தப் பிள்ளை காதால் படிப்பவன் என்று சோதித்துச் சொல்கிறேன் என யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஒரு பள்ளியில் 600 ரூபாய் வாங்கிக்கொண்டு சான்றிதழ் மாதிரி ஒன்று கொடுத்திருந்தார்கள், பெற்றோர் லேமினேட் செய்து என்னிடம் காட்டினார்கள். அந்த வகைப்படி பிரித்துச் சொல்லிக் கொடுத்தால் நன்றாகப் படிப்பார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008-லேயே நான்கு உளவியலாளர்கள் அலசி எழுதிவிட்டார்கள்.

கோலிக்குண்டுக்கு மூன்று வாரம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு கேள்வி கொடுத்தேன். கயிற்றில் கட்டிச் சுற்றும் கல், கயிறு அறுந்தால் எப்படிப் போகும்? எட்டுப் பேர் நேர்கோடு. மூன்று பேர் வளைவு. அந்த மூன்றில் ஒருவன் அன்றைக்குப் பைப்பிலேயே நேராக வரைந்தவன்! அவனுக்காக வரும் ஞாயிறு திரும்பவும் கோலமாவு எடுக்க வேண்டும்.

தங்கை ஆவணியில் ஏ2 முடித்துவிட்டாள், இப்போது பி1. ஐந்தாம் அறையில் 400 கார்டுக்கு மேல் இருக்கிறது. முள்கரண்டி மட்டும் ஒன்பது தடவை முதல் அறைக்குத் திரும்பியிருக்கிறது. ஓரமெல்லாம் நைந்து, பின்பக்கத்து மணமகன் பெயர் லேசாகத் தெரிகிறது. போன அமாவாசையன்று நான்காம் அறை வரைக்கும் போய், "டெர் காபெல்" என்று சொல்லித் திரும்ப வந்தது.